தூக்கிப் போடும் பழைய பிக்கப்: ஷாக் வாங்கும் முன் பட்டையைப் பாருங்கள்

பத்துப் பன்னிரண்டு வருடம் சரக்கு இழுத்த பிக்கப் வெறும் வண்டியாகக் குழியில் இறங்கினால் இடுப்பு கழன்றுவிடும் போலத் தூக்கிப் போடும். அதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "ஷாக் போயிருச்சு, நாலையும் மாத்திடு." மாற்றுவார்கள். வண்டி முன்பைவிட இன்னும் முரடாக ஓடும். ஷாக் அப்சார்பரின் வேலை பட்டையின் (வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்கின்) ஆட்டத்தை அடக்குவது. பட்டையே ஆடாமல் இறுகிக் கிடக்கிறபோது புது ஷாக் எதை அடக்கும்? தன் பங்குக்கு அதுவும் கொஞ்சம் இறுக்கத்தைச் சேர்த்துவிட்டுப் போகும்.

ஆகவே பழைய வண்டியில் எது தேய்ந்திருக்கிறது என்று தேடுவதற்கு முன், எது அசையாமல் நின்றுவிட்டது என்று தேட வேண்டும். ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), புஷ் (பட்டை முனைகளின் உள்ளே உள்ள உறை), பட்டை அடுக்கு, ஹெல்பர் பட்டை (பாரம் ஏறும்போது மட்டும் துணைக்கு வரும் பட்டை), பம்ப் ஸ்டாப் (ஆக்சில் சேஸிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்): பெரும்பாலும் குற்றவாளி இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும். பாதிக்குமேல் காசு செலவில்லாமலே சரியாகிவிடக் கூடியவை. இங்கே சொல்வது முன்னும் பின்னும் பட்டை உள்ள சரக்கு பிக்கப்களுக்கும், குட்டியானை என்று கூப்பிடப்படும் டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டிகளுக்கும் பொருந்தும். முன்னால் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி) உள்ள வண்டிகளுக்குக் கடைசிப் பக்கம் தனியாகச் சில வரிகள் இருக்கின்றன.

முதலில் தொந்தரவைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"தூக்கிப் போடுது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலு வேறு வேறு நோய் ஒளிந்திருக்கும். குழியில் விழுந்த அதே நொடியில் முதுகில் 'டங்' என்று ஒரே அடி விழுந்தால் ஏதோ இறுகியிருக்கிறது, அல்லது பட்டை முழுதாக அமுங்கிப் பம்ப் ஸ்டாப்பில் மோதுகிறது. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஊஞ்சல் மாதிரி ஆடினால், அதுதான் நிஜமான ஷாக் பிரச்சினை. சாலை நன்றாக இருந்தும் 60, 70 வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்து, வேகம் மாறினால் போய்விட்டால் டயர், ரிம், புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) பக்கம் போக வேண்டும். பட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரேக் பிடிக்கும்போதும் கிளட்சை விடும்போதும் 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தால் யு போல்ட் (பட்டையை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யு வடிவ போல்ட்), புஷ், ஷேக்கிள் பின் (ஷேக்கிள் ஆடும் இரும்பு முளை) ஆகியவற்றில் தளர்ச்சி இருக்கிறது.

அடுத்து ஒரு மூட்டைச் சோதனை. 50 கிலோ மூட்டை ஐந்தாறு எடுத்து (சிமெண்டு, மணல், உரம், எதுவானாலும் சரி) பின் ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்கிக் கட்டுங்கள். மொத்தம் 250 முதல் 300 கிலோ. எப்போதும் போகிற மோசமான சாலையில், எப்போதும் போகிற வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டம் தெளிவாக மிருதுவானால் பட்டையும் ஷேக்கிளும் அசைகின்றன. வெறும் வண்டிக்கு அந்தப் பட்டை அளவு மீறிய பலம், அவ்வளவுதான். மூட்டை ஏற்றியும் துளி மாற்றமில்லை என்றால் எங்கோ துரு பிடித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டையால் இன்னும் மோசமானால் பட்டை தொய்ந்துபோய், ஹெல்பர் பட்டையையோ பம்ப் ஸ்டாப்பையோ தொட ஆரம்பித்துவிட்டது. இதைச் செய்யாமல் பாகங்கள் வாங்குவது குருட்டு வைத்தியம்.

வெறும் பிக்கப் கொஞ்சம் குதிக்கத்தான் செய்யும். ஒரு உதாரணக் கணக்கு: பின் பட்டைகள் மேல் வெறும் வண்டியில் 500 கிலோ, முழு பாரத்தில் 1,500 கிலோ என்று வைப்போம். அந்த 1,000 கிலோ வித்தியாசத்துக்குப் பட்டை 75 மி.மீ. அமுங்குகிறது என்றால், வெறும் வண்டியின் எடைக்கு அது அமுங்கியிருப்பது 37, 38 மி.மீ.தான். அந்த நிலையில் பின்பகுதி விநாடிக்குச் சுமார் இரண்டரை தடவை குதிக்கும். முழு பாரத்தில் அதே வண்டி ஒன்றரை தடவைதான். உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வரை இதமாக இருக்கும். எனவே சரக்கு வண்டியை வெறுமனே ஓட்டிவிட்டு கார் மாதிரி இல்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. புதிதாக வந்தபோது இருந்த ஓட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவதே நம் இலக்கு.

காற்று

சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம்தான், ஆனாலும் முதல் இடம் இதற்கே. பாரத்துக்காக அடித்த காற்று அப்படியே இருக்க, வண்டி பல நாள் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் கதவு ஓரத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ வெறும் வண்டிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று இரண்டு அளவு கொடுத்திருப்பார்கள். பின் டயருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். டயரின் ஓரத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவதற்கான உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடித்தால் வெறும் வண்டி கல்லாக ஓடும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு ஏறியிருக்கும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது. பாரம் ஏற்றும் நாளில் மறக்காமல் பாரத்துக்கான அளவுக்குத் திரும்ப ஏற்ற வேண்டும். குறைந்த காற்றில் பாரம் இழுத்தால் டயர் ஓரம் சூடாகி வெடிக்கும்.

டயரின் வயதையும் பாருங்கள். ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போகும். முந்தைய உரிமையாளர் பாரத்துக்காகக் கம்பெனி சொன்னதைவிட அதிக பிளை ரேட்டிங் டயர் போட்டிருந்தால், அந்தத் தடித்த ஓரமும் ஒவ்வொரு சரளைக் கல்லையும் சீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

டேப்பும் சாக்பீஸும்

சமதளத்தில், வெறும் வண்டியாக, டயர்க் காற்று சரியாக வைத்து நிறுத்துங்கள். நாலு மூலையிலும் ஆக்சிலுக்கும் மேலே உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். இடது வலது வித்தியாசம் 15 மி.மீ. தாண்டினால் ஒரு பக்கம் பட்டை உடைந்திருக்கலாம் அல்லது தொய்ந்திருக்கலாம். பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் மினுமினுப்பாகவோ வெட்டுப்பட்டோ இருந்தால் அடிக்கடி மோதுகிறது. சந்தேகம் இருந்தால் ரப்பரின் மேல் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றை ஒட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். மாவு சப்பையானால் மோதியிருக்கிறது. ரப்பரே இல்லாமல் இரும்பும் இரும்பும் இடிக்கிற வண்டிகளும் நிறைய ஓடுகின்றன. அதற்கு ரப்பர் வாங்கிப் போட்டாலே பாதி வலி போகும்.

பிறகு முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கவும். ஸ்டீயரிங் நேராக இருக்க வேண்டும். தூக்குக்குண்டால் மையத்தைத் தரையில் குறித்துக்கொண்டு அளந்தால் துல்லியமாக வரும். ஐந்தாறு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது. சென்டர் போல்ட் (அடுக்கின் நடுவே எல்லாப் பட்டைகளையும் கோத்துப் பிடிக்கும் போல்ட்) அறுந்துபோய், யு போல்ட்டின் பிடியில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

ஷேக்கிள்: பெரும்பாலான வலி இங்கேதான்

பட்டை அமுங்கும்போது நேராகி நீளும். விரியும்போது வளைந்து குறுகும். அந்த நீளக் குறுக்கத்துக்கு வழிவிடத்தான் ஒரு முனையில் ஷேக்கிள் தொங்குகிறது. ஷேக்கிள் பின்னில் துரு ஏறி அது ஆடாமல் நின்றுவிட்டால், பட்டைக்கு நீள இடமில்லை. அப்போது அது ஸ்பிரிங்காக இல்லாமல் இரும்பு உத்தரமாக வேலை செய்யும்.

இதைச் சோதிக்க ஜாக்கி போதும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை அண்டக் கொடுத்து, பின்பக்கம் சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்து மெதுவாக ஏற்றுங்கள். சக்கரம் தரையில் இருக்க, சேஸிஸ் மட்டும் மேலே போகும். பட்டையின் வளைவு கூடும். பின் முனையில் தொங்கும் ஷேக்கிளின் அடிப்பகுதி மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்ந்துகொண்டே வர வேண்டும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, பிறகு 'டக்' என்று ஒரே துள்ளலாக நகர்ந்தால் அது இறுகியிருக்கிறது. ஒருவர் வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்க, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்தாலும் இது நன்றாகத் தெரியும்.

நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சின்ன வாய்) உள்ள பின்களுக்குக் கிரீஸ் அடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வண்டியின் எடை பின்னின் மேல் உட்கார்ந்திருக்கும்போது அழுத்தம் விழும் பக்கத்துக்குக் கிரீஸ் போகாது. எளிதாக இடம் உள்ள பக்கமாக வெளியே வந்துவிடும். சேஸிஸை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டாண்டு கொடுத்த பிறகு அடியுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறி, புதுக் கிரீஸ் பின்னின் இரண்டு ஓரத்திலும் எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் வந்தால் வேலை முடியவில்லை. நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றிப் புதிது போடுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் பின்னைக் கழற்றி, அதன் உள் துளையிலும் பள்ளத்திலும் கெட்டித்துப்போன கிரீஸைக் கம்பியால் குத்தி எடுக்க வேண்டியதுதான். பின்னில் விரல் நகத்தில் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் பின்னையும் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றவும். புஷ்ஷை மட்டும் மாற்றினால் மாதக் கணக்கில்கூட நிற்காது.

ரப்பர் புஷ் உள்ள வண்டிகளில் வேறு கதை. அங்கே ரப்பரே முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் தருகிறது. இதில் பட்டறைகளில் தினமும் நடக்கும் தவறு ஒன்று உண்டு: வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். தொங்கும் நிலையில் பூட்டப்பட்ட ரப்பர், வண்டி தரையில் இறங்கிய உடனே முறுக்கேறிவிடும். ஓட்டம் இறுகும், புஷ் சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் உருட்டி, அதன் பிறகுதான் இறுக்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலும் கழிவு ஆயிலும் கலந்து ஸ்பிரே அடிக்கும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சேஸிஸுக்குத் துரு பிடிக்காது என்பது நிஜம்தான். ஆனால் அந்த எண்ணெய் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்து உப்பச் செய்து, பிசுபிசுவென்று ஆக்கிவிடும். ரப்பர் புஷ் மாட்டும்போது சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ். சாதாரணக் கிரீஸை ரப்பரிடம் கொண்டுபோகாதீர்கள்.

பட்டை அடுக்கு

ஒவ்வொரு பட்டையும் தனக்கு மேலே உள்ளதன் மேல் சறுக்க வேண்டும். அடுக்கின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டை நுனிக்கு அப்பால் உராய்ந்து பளபளக்கும் கோடு தெரிந்தால் சறுக்குகிறது. துரு இடைவெளி விடாமல் ஒரே தோலாகப் படிந்து, அடுக்கு முழுதும் ஒட்டி வார்த்த கட்டி மாதிரி இருந்தால் சறுக்கவில்லை. மழைக்காலத்தில் நனைந்து, பிறகு வாரக்கணக்கில் நின்ற வண்டிகளில் இது சாதாரணம். துரு தடித்துப் பட்டைகளைப் பிரித்துத் தள்ளுவதும் உண்டு. அப்போது கிளிப் (அடுக்கைச் சுற்றிப் பிடிக்கும் இரும்புப் பட்டம்) புடைத்துத் தெரியும்.

சரியான தீர்வு அடுக்கைக் கழற்றித் துடைப்பதுதான். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி கொடுங்கள். ஷாக்கின் அடி போல்ட், யு போல்ட், பிறகு இரண்டு முனைப் பின்கள் என்று வரிசையாகக் கழற்றுங்கள். ஆக்சில் இறங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஒரு கண் வைத்திருங்கள். முந்தைய நாள் மாலையே எல்லா நட்டிலும் துரு இளக்கும் ஆயில் விட்டுவைத்தால் மறுநாள் பாதி நேரம் மிச்சம். அடுக்கைப் பிரிக்கும்போதுதான் ஆபத்து: பட்டைகள் ஒன்றுக்கொன்று வேறு வளைவில் செய்யப்பட்டுச் சேர்த்து இறுக்கப்பட்டவை. சென்டர் போல்ட்டைச் சும்மா கழற்றினால் அடுக்கு துள்ளி விரியும். போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் பெரிய சி கிளாம்பு போட்டு இறுக்கிக்கொண்டு, போல்ட்டை எடுத்துவிட்டு, கிளாம்பை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிரிக்கும் முன் ஓரத்தில் சாய்வாக ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால் வரிசையும் முன் பின்னும் மாறாது.

கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேயுங்கள். மேல் பட்டையின் அடியில் கீழ்ப் பட்டையின் நுனி தோண்டிய பள்ளம் இருக்கும். லேசான பள்ளமானால் கீழ்ப் பட்டை நுனியின் கூர்மையை உருட்டிவிட்டால் போதும். ஆழமானால் அந்தப் பட்டை மாற்ற வேண்டியது. பள்ளம் விழுந்த இடத்தில்தான் நாளை விரிசல் பிறக்கும். நுனியில் நைலான் பேடு இருந்த வண்டியானால் புதிது போடாமல் பூட்டாதீர்கள். திரும்ப அடுக்கும்போது கிராஃபைட் கிரீஸ் மெல்லிய பூச்சாக. தாராளமாக அப்பினால் புழுதி சேர்ந்து அதுவே எமரி பேப்பராகிவிடும்.

கிளிப்களை யாரும் கண்டுகொள்வதில்லை. சக்கரம் குழியில் விழுந்து பட்டை எதிர்ப்பக்கம் விரியும்போது அடுக்கு முழுதையும் சேர்த்துப் பிடிப்பவை அவைதான். கிளிப் போன வண்டியில் அந்த நேரத்தின் முழுச் சுமையும் மெயின் பட்டையின் (இரண்டு முனையும் சேஸிஸோடு சேரும் மேல் பட்டையின்) தலையில் விழும். மெயின் பட்டை அடிக்கடி உடைகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் கிளிப்களை எண்ணிப் பாருங்கள்.

பட்டை எங்கே உடைந்திருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சென்டர் போல்ட் துளையில் உடைந்தால் யு போல்ட் தளர்ந்திருந்தது. துளை விழுந்த இடம்தான் பட்டையின் பலவீனமான இடம். யு போல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும்வரை அங்கே வளைவு வராது, தளர்ந்த அன்றைக்கு வளைய ஆரம்பிக்கும். பட்டை முனையில் சுருட்டிய வளையத்துக்கு (கண்) பக்கத்தில் உடைந்தால் ஷேக்கிள் இறுகியதா, கிளிப் இல்லையா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உடைந்தால் பாரமோ, துருவோ, நுனிப் பள்ளமோ காரணம். காரணத்தை விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் மாற்றினால் அதே இடத்தில் மறுபடியும் உடையும். உடைந்த பட்டையை வெல்டு வைக்கவே கூடாது. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் கெட்டுப்போகும்; ஓரத்திலேயே விட்டுவிடும்.

எக்ஸ்ட்ரா பட்டை என்ற பழைய பாவம்

பழைய பிக்கப் வாங்கிப் பண்ணைக்கோ கடைக்கோ ஓட்டுகிறவர்களுக்கு வருகிற முரட்டு ஓட்டத்துக்கு முந்தையவர் போட்ட எக்ஸ்ட்ரா பட்டை பெரிய காரணம். பட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றின் தடிமனையும் வெர்னியரில் அளந்து, பார்ட்ஸ் புக்கோடு ஒப்பிடுங்கள். பட்டையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்றபடி ஏறும். எட்டு மி.மீ. பட்டை ஆறு உள்ள அடுக்கில் அதே தடிமனில் ஒன்று சேர்த்தால் விறைப்பு சுமார் 17 சதவீதம் கூடும். பத்து மி.மீ. பட்டை ஒன்றைச் சேர்த்தாலோ 33 சதவீதம். ஆறோடு ஒன்றுதானே என்று நினைப்பதுதான் ஏமாற்றம். கூடுதல் பட்டையால் வண்டியின் பார அனுமதி கூடுவதும் இல்லை. ஆக்சில், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையபடிதான்.

இந்தப் பட்டையை எடுக்கும்போது சென்டர் போல்ட் நீளம், யு போல்ட் நீளம் இரண்டும் குறையும். பழைய நீள யு போல்ட்டில் வாஷர் அடுக்கிச் சமாளிக்காமல் சரியான நீளத்தில் புதிது வாங்குங்கள். எடுத்த பட்டையைப் பட்டறை மூலையில் போட்டால் அடுத்த ஓவர்லோடு வண்டிக்குப் போய்விடும். கொல்லரிடம் கொடுத்தால் நல்ல அரிவாளாவது கிடைக்கும்.

ஹெல்பர் பட்டை உள்ள வண்டியில் வெறும் நிலையில் ஹெல்பர் முனைக்கும் சேஸிஸில் உள்ள அதன் தாங்கிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேண்டும். மெயின் அடுக்கு தொய்ந்தால் ஹெல்பர் எப்போதும் தொட்டபடியே இருக்கும். அப்போது வெறும் வண்டியே பார வண்டியின் விறைப்போடு ஓடும். இதற்கு ஹெல்பரைக் கழற்றுவது தீர்வல்ல, மெயினைச் சரிசெய்ய வேண்டும்.

தொய்ந்த பட்டைக்கு "வளைவு ஏத்தி" கொடுப்பார்கள். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் அடித்து ஏற்றிய வளைவு சில மாதங்களில் இறங்கிவிடும். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து, ஆயிலில் நனைத்து, திரும்பப் பதமான சூட்டில் வைத்து எடுக்கும் வசதி உள்ள இடமானால் செய்யலாம். அந்தக் கடைசிப் படியைச் செய்யாமல் விட்டால் பட்டை கண்ணாடி மாதிரி உடையும். காய்ச்சி அப்படியே ஆறவிட்டால் ஈயம் மாதிரி தொய்யும். சந்தேகம் இருந்தால் புது அடுக்கு வாங்குவதே மலிவு. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றவும். அளவுக்கு மீறி வளைவு ஏற்றினாலும் தொல்லைதான்: பட்டை குறுகி, ஷேக்கிள் பட்டைப் பக்கமாக மடங்கி, அதற்கு மேல் நகர இடமில்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது ஷாக்

கார் மாதிரி மூலையை அமுக்கிவிட்டு ஆட்டம் எண்ணும் சோதனை பிக்கப்பில் ஒன்றும் சொல்லாது. வெறும் கையால் அமுங்குகிற பட்டை இல்லை அது. மோசமான சாலையில் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு வந்து ஷாக்கின் உடம்பை எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும். மூன்று சூடாகி ஒன்று குளிர்ந்திருந்தால் அந்த ஒன்று சும்மா போய் வந்திருக்கிறது. உறுதி செய்ய அடி போல்ட்டைக் கழற்றி, நேராகப் பிடித்து முழு நீளத்துக்கு இழுத்து அமுக்குங்கள். இழுக்கும்போது எதிர்ப்பு அதிகமாகவும் அமுக்கும்போது குறைவாகவும் இருப்பது இயல்பு. நடுவில் எங்காவது வெற்றிடம் மாதிரி தொளதொளத்தால் போய்விட்டது. ராடு பக்கம் லேசான ஆயில் படலம் இருந்தால் பயமில்லை. உடம்பு நனைந்து புழுதி சேறாக ஒட்டியிருந்தால் மாற்றுங்கள், ஒரு ஆக்சிலுக்கு ஜோடியாக.

புது ஷாக்கை மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை இழுத்து அமுக்கி உள்ளே உள்ள காற்றை வெளியேற்றுங்கள். கடையில் படுக்க வைத்திருந்த ஷாக்கில் இதைச் செய்யாவிட்டால் முதல் நாள் 'டொக் டொக்' சத்தம் வரும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து முழுக் குறுக்கத்திலும் முழு நீளத்திலும் அளவு ஒப்பிடவும். நீளமான ஷாக் பம்ப் ஸ்டாப்புக்கு முன்னாலேயே அடிதட்டும். அந்த அடி நேராகச் சேஸிஸுக்கு ஏறும். "ஹெவி டூட்டி" என்ற எழுத்தைப் பார்த்து வாங்கினால் வெறும் வண்டி இன்னும் இறுகும்.

முன்பக்கமும் மற்றவையும்

முன்னால் பட்டை உள்ள வண்டியில் அடுக்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடித்த ஷிம் இருக்கலாம். கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் முன் பின் சாய்வு) அதில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் தடிப்பு என்று குறிக்காமல் கழற்றித் திருப்பிப் போட்டால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது, வண்டி அலையும்.

கேபின் மவுண்டிங் ரப்பர்கள் சப்பையாகி இரும்போடு இரும்பு உட்கார்ந்த வண்டியில் சஸ்பென்ஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் டிரைவருக்கு அடி விழும். கடப்பாரையால் கேபினை லேசாக நெம்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் கிளாம்புகள் தளர்ந்திருந்தால் வரும் சத்தத்தைப் பட்டைச் சத்தம் என்று நினைத்துப் பலர் அலைவார்கள்.

வேகத்தோடு வரும் நடுக்கத்துக்கு: அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். கியர் மாறியும் நடுக்கம் அதே வேகத்தில் தொடர்ந்தால் எஞ்சின் காரணமில்லை. ரிம் கோணல், டயர் புடைப்பு, பேலன்ஸ், அடுத்து புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், சென்டர் பேரிங் என்று போங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் குறி போடாமல் கழற்றினால், இல்லாத நடுக்கம் புதிதாக வந்து சேரும்.

டார்ஷன் பார் உள்ள பழைய டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200 போன்றவற்றில் முன்பக்கம் உயரம் வேண்டும் என்று பாரின் அட்ஜஸ்ட்டிங் போல்ட்டை முறுக்கி ஏற்றிவைத்திருப்பார்கள். பாரின் விறைப்பு அதனால் மாறுவதில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் போய்விடும். மேல் ஆர்ம் அதன் ரப்பரில் ஏறக்குறைய உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் 'டக்' என்று இழுபடும். கையேட்டில் உள்ள உயரத்துக்கு இறக்கி, வீல் அலைன்மென்ட் பார்த்தாலே ஓட்டம் திரும்பிவிடும்.

பூட்டிய பிறகு

யு போல்ட்டும் நட்டும் எப்போதும் புதிது. ஒருமுறை முழு இறுக்கத்தில் இழுபட்ட போல்ட் மறுமுறை அதே பிடியைத் தராது. நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று நாலு தவணையில், நாலிலும் வெளியே தெரியும் மரை நீளம் ஒன்றாக இருக்கும்படி இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ஸ்பானர்) கையேட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பின் ஆக்சிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி சேஸிஸில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகிறதா என்று பாருங்கள். பாரத்துக்கு ஏற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு அது. வண்டியின் பின் உயரத்தை வைத்துத்தான் பாரத்தை ஊகிக்கிறது. பட்டை எடுத்துப் பின்பக்கம் இறங்கினால் பாரம் ஏறியிருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கைக் கூட்டிவிடும்; மழையில் வெறும் வண்டி பின்னால் வழுக்கும். புதுப் பட்டையால் உயரம் கூடினால் நேர்மாறாக, பாரத்தோடு பிரேக் குறையும். உயரம் மாறிய எந்த வேலைக்குப் பிறகும் இந்தக் கம்பியின் நீளத்தைக் கையேட்டின்படி திருத்தியாக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு யு போல்ட் நட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். 500 கி.மீ. ஓடிய பின், வண்டி தரையில் நிற்க, மறுபடியும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். கோடு கொஞ்சம் விலகினால் பெயிண்ட்டும் துருத் தூளும் நசுங்கி அடுக்கு உட்கார்ந்திருக்கிறது, அது சகஜம். அரைச் சுற்றுக்கு மேல் நட்டு திரும்பினால் இன்னும் உட்காரவில்லை. அடுத்த 500-இலும் பாருங்கள்.